அங்கீகரிக்கப்பட்ட முழங்கால் வலி

கானேஹமா நகராட்சியில் கராத்தே வளர்ச்சிப் பிரிவு என்று ஒன்று உண்டு. கராத்தே ஒகினாவாவில் பிறந்து, நன்றாக வளர்ந்து, கல்யாணம் காட்சி ஆகி, உலகமெல்லாம் தனிக்குடித்தனம் போய் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, அதை வளர்த்தே தீருவது என்று நகராட்சி தீர்மானித்ததன் விளைவு அது. அதன் தலைவர் தோகாஷிகி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போடும் வழக்கப்படி, வெள்ளிக்கிழமை வரை சாக்கடைப் பிரிவில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தவர், திங்கட்கிழமை காலை முதல் கராத்தேயை வளர்க்கத் தொடங்கினார்.

அந்தத் தோகாஷிகி, அக்டோபர் மாதம் ஒரு காலை, கையில் பெரிய இனிப்புப் பெட்டியோடு கிஷாபா ஆசான் வீட்டு வாசலில் வந்து ஷூவைக் கழற்றினார். ஆசானின் மனைவி உமே சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பெட்டியின் அளவைக் கண்டதும் புருஷன் காதோடு சொன்னாள்:

"பெட்டி பெருசா இருக்குங்க. ஏதோ பெரிய தலைவலி."

கிஷாபாவுக்கு எழுபத்தைந்து வயது. ஊர்ப் பொது மண்டபத்தில் மாலை தோறும் கராத்தே சொல்லிக்கொடுப்பவர். வசந்த காலத்தில்தான் அவருடைய வலது முழங்காலை மருத்துவர் கழற்றிவிட்டு, உலோகத்தில் ஒன்றைப் பொருத்தியிருந்தார். புது முழங்கால் வலிக்கவே இல்லை. அதனால் ஆசான் கொஞ்சம் கர்வமாகவே இருந்தார்.

தோகாஷிகி பெட்டியை இரண்டு கையாலும் நகர்த்தி வைத்தார். தலை தரையில் படுமளவுக்குக் குனிந்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். வரும் ஏப்ரல் முதல், ஊர்ப் பொது மண்டபத்தில் கராத்தே சொல்லித்தர, கானேஹமா அனைத்துலகக் கராத்தே பயிற்சி முகாமில் கலந்துகொண்டு தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. தரத்தை உயர்த்தும் உன்னத நோக்கத்துடன் மேற்படி விதி ஏகமனதாக நிறைவேற்றப்பட்டுள்ளது.

"நல்லதுதானே," என்றார் கிஷாபா. "எனக்கென்ன வந்துச்சு?"

"நீங்க இன்னும் கலந்துக்கலைங்களே, ஆசானே."

"அந்த முகாமை ஆரம்பிச்சதே நான்தான், தம்பி."

"ஆமாங்க. ஆரம்பிச்சிருக்கீங்க. கலந்துக்கல."

"வருஷா வருஷம் அங்கதானே நின்னேன்?"

"நின்னீங்க. முன்னால நின்னீங்க. கலந்துக்கிறவங்க பின்னால நிக்கணும்."

"சரி, எனக்கு யாரு சொல்லித்தரப் போறாங்க?"

"அதுக்குத்தான் ஃபின்லாந்திலேர்ந்து பெக்கா ஆசான் வராரு. தேர்வும் அவரே வைப்பாரு."

"பெக்காவுக்குக் கத்துக்குடுத்தது யாரு?"

"ஹெல்சின்கியில இருக்கிற உங்க சீடருங்க."

"என் சீடனுக்கு?"

"நீங்கதாங்க."

"அப்புறம்?"

தோகாஷிகி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். கண்ணைப் பாதி மூடினார். பற்களை நெருக்கிக்கொண்டு, அவற்றின் இடுக்கு வழியே காற்றை மெதுவாக உள்ளே இழுத்தார்.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்... அது கொஞ்சம் சிரமங்க."

நம் ஊர் அதிகாரிகள் யாரும் எதற்கும் முடியாது என்று சொல்வதில்லை. அது மரியாதைக் குறைவு. பல்லிடுக்கில் காற்றை இழுப்பார்கள். இழுப்பு நீள நீள, கேட்ட காரியம் செத்துக்கொண்டே வருகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். தோகாஷிகியின் இழுப்பு நாலு ஊரில் பேர்போனது. சாக்கடைப் பிரிவில் இருந்தபோது, வயலில் தண்ணீர் தேங்குகிறது என்று வந்த ஒரு கரும்பு விவசாயி அந்த இழுப்பை முழுவதும் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஒரு படகு வாங்கிக்கொண்டு போனாராம்.

கிஷாபாவும் கேட்டார். புரிந்துகொண்டார். அந்த மண்டபம் இல்லாவிட்டால் மாலையில் அவர் எங்கே போவார்? தபால்காரப் பெண் கினா, மீன் கடைக்காரர், முடி திருத்துகிறவர், கரும்பு வெட்டுகிற அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று தினமும் வருகிற கூட்டம் கலைந்துபோகும். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, வலிக்காத முழங்காலைத் தடவிக்கொண்டு, உமே உரித்துத் தரும் ஆரஞ்சைத் தின்றுகொண்டு சாகவேண்டியதுதான். அதை நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது. உமேவுக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

"போயிட்டு வந்துருங்க," என்றாள் உமே, தோகாஷிகி போனதும் பெட்டியைப் பிரித்தபடி. "பின்னாலதானே நிக்கணும்? நின்னா என்ன குறைஞ்சா போயிடும்?"

"மானம் குறையும்."

"நாள் முழுக்க நீங்க வீட்டுல இருந்தா என் ஆயுசு குறையும்."

நவம்பரில் முகாம் தொடங்கியது. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய கராத்தே சாமான் கடையில் வழக்கம்போல் கூட்டம் நெரிந்தது. இப்போதெல்லாம் யாரும் புது பெல்ட் வாங்குவதில்லை. வருடக்கணக்கில் கட்டிக் கட்டி, கறுப்புத் துணி தேய்ந்து, உள்ளே இருக்கும் வெள்ளை நூல் தெரிகிற பெல்ட்டுக்குத்தான் மதிப்பு. அவ்வளவு வருடம் காத்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஆகவே கடைக்காரரே கூழாங்கற்களோடு சேர்த்துத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டுத் தேய்த்து, பத்து ஆண்டு, இருபது ஆண்டு, நாற்பது ஆண்டு என்று மூன்று தினுசாக விற்றார். தோகாஷிகிக்கு வயது முப்பத்தெட்டு. அவர் இடுப்பில் இருந்த பெல்ட்டுக்கு வயது நாற்பது.

கிஷாபாவிடம் நிஜமாகவே நாற்பது ஆண்டு தேய்ந்த பெல்ட் ஒன்று இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, உமே அதை எடுத்துப் பார்த்தாள். தரை துடைக்கக்கூட லாயக்கில்லை என்று கண்டு தூக்கிப் போட்டுவிட்டு, கணவர் எழுந்து நடமாடத் தொடங்கிய சந்தோஷத்தில் புத்தம் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தாள். கன்னங்கரேல் என்று மொறமொறப்பாக இருந்த அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் ஆசான் மண்டபத்துக்குள் நுழைந்தார்.

வரிசை வைக்கும் பொறுப்பு நகராட்சியுடையது. மூத்தவர் முன்னால், இளையவர் பின்னால். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து வயது கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்பதால், பெல்ட்டைப் பார்த்து நிறுத்தும்படி உத்தரவு. அதன்படி முதல் வரிசையின் நடு இடம் தோகாஷிகிக்கு வந்தது. கிஷாபா கடைசி வரிசையின் கடைசி ஆள் ஆனார். அவருக்குப் பக்கத்தில், போன மாதம்தான் கறுப்பு பெல்ட் வாங்கிய கனடா நாட்டுப் பல் மருத்துவர் ஒருவர் நின்றார். அவர் கிஷாபாவின் பெல்ட்டைப் பார்த்து அன்போடு சிரித்தார். பயப்படாதீர்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று சைகை காட்டினார்.

பெக்கா மட்டும் அவரை அடையாளம் கண்டுகொண்டார். ஆறடிக்கு மேல் உயரம், வைக்கோல் நிறத் தாடி. ஜப்பானிய மொழியைப் பழைய நூல்களிலிருந்து கற்றவர். பால் வாங்கப் போனால்கூட அரசவைக்கு வந்த தூதர் மாதிரிதான் பேசுவார். ஓடிவந்து கிஷாபாவின் காலடியில் நெற்றி பதித்தார்.

"பெருமதிப்பிற்குரிய ஆசானே! தாங்கள் எம் கண்கண்ட தெய்வம். தங்கள் பாதம் பட்ட இம்மண்டபத்தில் தங்களுக்கே யான் பயிற்றுவிப்பது தகுமோ?"

"தகாதுதான்," என்றார் கிஷாபா. "வேணாம்னு சொல்லிடேன்."

"ஆயினும் விதி விதியே," என்று கண்ணீரோடு எழுந்து போய், முன்னால் நின்றுகொண்டார் பெக்கா.

கிஷாபா சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு கட்டா. குத்து, தடுப்பு, உதை, திருப்பம் எல்லாம் கோத்து, தொடக்கம் முதல் முடிவு வரை தனியாகச் செய்கிற வரிசை அது. அவருடைய ஆசான், காலமான உராசாகி, அவருக்குக் கொடுத்தது. அதில் கடைசிக் குத்துக்கு முன்னால், சட்டென்று தலையைத் தூக்கி, வலப்பக்கக் கூரையை ஒரு முறை முறைக்க வேண்டும். கூரைமேல் பதுங்கியிருக்கும் எதிரியை அடையாளம் காணும் பார்வை அது என்று கிஷாபா சொல்லிக்கொடுப்பார். அந்தப் பார்வையில் ஒரு தூசு குறைந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

பெக்கா அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இனி நாம் காணவிருப்பது, இக்கட்டாவின் உயிர்நாடி. மூன்றாம் திருப்பத்தில் நிகழும் கிஷாபா நிறுத்தம்."

கடைசி வரிசையில் கிஷாபா நிமிர்ந்தார். அப்படி ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"வலது பாதம் திரும்புகையில் திடுமென நிற்றல் வேண்டும். உடல் ஒருசாண் தாழ்தல் வேண்டும். முகம் சுருங்க, பல்லிடைக் காற்றை உள்ளிழுத்து, அரையடி நொண்டிப் பின் தொடர்க. பகைவன் நம்மை ஊனமுற்றோன் என எண்ணி இரக்கம் கொள்வான். அவ்விரக்கமே அவன் வீழ்ச்சி. செய்க!"

இருநூறு பேர் திரும்பினார்கள். இருநூறு வலது பாதங்கள் சட்டென்று நின்றன. "ஸ்ஸ்ஸ்!" என்று மண்டபம் மொத்தமும் காற்றை இழுத்தது. பிரேசில் நொண்டியது, ஜெர்மனி நொண்டியது, பக்கத்தில் பல் மருத்துவர் கண்ணில் நீர் வர நொண்டினார்.

கிஷாபாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் முன்னால் நின்று செய்துகாட்டியவருக்கு, முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? மூட்டு தேய்ந்துபோயிருந்த அந்தக் காலத்தில், மூன்றாவது திருப்பம் வந்தாலே முழங்கால் பிடித்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு அரையடி நகர்ந்து சமாளிப்பார். பின்னால் நின்றவர்கள் அதையும் சேர்த்துப் படம்பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மருத்துவர் கழற்றிக் குப்பையில் போட்ட முழங்கால், இங்கே இருநூறு பேரிடம் உயிரோடு இருந்தது.

அன்று மாலை, பாகற்காயும் தோஃபுவும் வதக்கிவைத்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, விழுந்து விழுந்து சிரித்தார்.

"முட்டாப் பசங்க! ஒரு கிழவனோட மூட்டு வலியைப் பாடம் பண்ணி வச்சிருக்கானுங்க, உமே! ஏன், எதுக்குன்னு ஒருத்தன் கேக்கல பாரு!"

"நீங்க மட்டும் உங்க ஆசானைக் கேட்டீங்களாக்கும்," என்றாள் உமே.

"நம்மளுது வேற. அந்தக் கூரைப் பார்வை இருக்கே, அது கலை. அதுக்கு ஆழம் இருக்கு."

மறுநாள் தேர்வு. கிஷாபா தனியாக நடுவில் நின்று கட்டாவைச் செய்தார். உலோக முழங்கால் வெண்ணெயாகத் திரும்பியது. கூரையை அவர் முறைத்த முறைப்பில், ஓட்டுக்கு மேல் உட்கார்ந்திருந்த புறா எழுந்து பறந்தது. முடித்துவிட்டு வணங்கினார். பெக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆசானே, தங்கள் குத்து இடி. தங்கள் உதை மின்னல். ஆயினும்..." மறுபடியும் ஒருமுறை குனிந்து வணங்கினார். "நிறுத்தம் இல்லை. தாங்கள் தேறவில்லை."

"டேய், அது நிறுத்தம் இல்லடா. என் முழங்கால் வலி!"

"அவ்வாறு கூறியவர் யார்?"

"நான்தான்டா! எனக்குத்தானே வலிச்சுது!"

பெக்கா தன் கைப்பேசியை எடுத்துப் பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாவற்றிலும் அதே இடத்தில், அதே அளவு, அதே முகச்சுளிப்பு. "வலி என்பது வந்து போவது, ஆசானே. இதுவோ ஆண்டுதோறும் இம்மியும் பிசகாமல் வந்துள்ளது. இது கலையேயன்றி நோயன்று. தாங்கள் தன்னடக்கத்தால் மறைக்கிறீர்கள்."

கிஷாபா தோகாஷிகியிடம் திரும்பினார். "தம்பி, நீயாவது சொல்லு. ஆபரேஷன் ஆனப்ப நகராட்சி சார்புல பழக்கூடை எடுத்துக்கிட்டு நீதானே வந்தே?"

"வந்தேங்க," என்றார் தோகாஷிகி. "ஆனா அது சுகாதாரப் பிரிவு விஷயங்க. இது கராத்தே வளர்ச்சிப் பிரிவு. ஒண்ணுல தெரிஞ்சதை இன்னொண்ணுல சொல்றது..." அவர் தலை சாயத் தொடங்கியது.

"வேணாம். இழுக்காதே," என்றார் கிஷாபா.

அடுத்து, பிரிவுத் தலைவர் முன்மாதிரியாக விளங்க வேண்டும் என்பதற்காகத் தோகாஷிகியும் தேர்வில் இறங்கினார். அவருடைய உதை தன் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. குத்து, கதவைத் தட்டித் தட்டிப் பார்க்கிற விருந்தாளி மாதிரி இருந்தது. மூன்றாவது திருப்பத்துக்கு வந்தார். பாதம் நின்றது. தலை சாய்ந்தது. கண் பாதி மூடியது.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

மண்டபம் சிலிர்த்தது. பதினைந்து வருடம் நகராட்சி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, நாள் தவறாமல் குடிமக்கள் மீது பழகிய இழுப்பு அது. பெக்கா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். "நாற்பது ஆண்டு பயிற்சி!" என்று பெல்ட்டைச் சுட்டிக்காட்டினார். தோகாஷிகி முகாமிலேயே முதல் மதிப்பெண் பெற்றார்.

கிஷாபாவுக்கு இன்னொரு வாய்ப்பு கடைசி நாளன்று இருந்தது. அதிலும் கோட்டைவிட்டால் மண்டபம் போச்சு. முதலில் பெக்காவிடமே போனார். "வலி அடிவயிற்றினின்று எழல் வேண்டும்," என்றார் பெக்கா. கிஷாபா எழுப்பிப் பார்த்தார். ஏப்பம்தான் எழுந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நொண்டிப் பார்த்தார். உமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிஜமாக வலித்த காலத்தில் எப்படி வலித்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில், வெட்கத்தை விட்டு, மண்டபத்துக்கு வெளியே குளிர்பானப் பெட்டி அருகே நின்றிருந்த தோகாஷிகியிடம் போனார்.

"தம்பி, அந்த இழுப்பை எனக்குச் சொல்லிக்குடு."

தோகாஷிகி சந்தோஷத்தில் சிவந்துபோனார். இதுவரை யாரும் அவரிடம் எதையும் கற்றுக்கொள்ள வந்ததில்லை.

"ரொம்ப சுலபங்க, ஆசானே. இப்ப நீங்க அதிகாரி. நான் கிஷாபா. 'ஐயா, மண்டபத்து மூலையில விளக்கு எரியல, மாத்திக் குடுங்க'ன்னு வந்து கேக்குறேன். நீங்க என்ன செய்வீங்க?"

"மாத்திக் குடுப்பேன்."

"இதனாலதாங்க நீங்க ஃபெயிலு."

"அந்த விளக்கு நிஜமாவே எரியல, தம்பி. ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்... பாத்தீங்களா, தானா வருது! குடுக்கக் கூடாதுங்கிற எண்ணம் மொதல்ல வயித்துல உக்காரணும். அப்புறம் காத்து தன்னால உள்ள வரும். உங்ககிட்ட எதையாவது ஒருத்தன் கேக்குறதா நெனைங்க. குடுக்கவே முடியாத ஒண்ணை."

கிஷாபா ராத்திரி பகலாக யோசித்தார். யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது. வீட்டைக் கேட்டால்கூட உமேவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம். கடைசி நாள் வந்தது. நடு மண்டபத்தில் நின்றார். ஜன்னலோரம் உமே, மடியில் கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். முதல் திருப்பம், இரண்டாம் திருப்பம். மூன்றாவது திருப்பத்தில் பாதத்தைத் திருப்பும்போது, முதல் வரிசை நடுவில் நாற்பது ஆண்டு பெல்ட்டோடு உட்கார்ந்து அவரைப் பார்த்துப் பாசமாகச் சிரித்துக்கொண்டிருந்த தோகாஷிகி கண்ணில் பட்டார். இவன் நாளைக்கு என் வாசலில் இனிப்புப் பெட்டியோடு வந்து, 'ஆசானே, என்னைச் சீடனா சேத்துக்குங்க' என்று கேட்டால்?

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!"

அந்தச் சத்தத்தில் உமே எழுந்தே நின்றுவிட்டாள். கிஷாபாவின் முகம் சுருங்கி, உடல் தாழ்ந்து, கால் அரையடி தானாக நொண்டியது. பெக்கா வாய்விட்டு அழுதார்.

"மீண்டது! தங்கள் வலி மீண்டது!" கண்ணைத் துடைத்துக்கொண்டு மதிப்பெண் சொன்னார். தோகாஷிகியைவிட ஒன்று குறைவு. இழுப்பில் உண்மை இருந்தது, ஆனால் அனுபவம் போதாது என்பது காரணம்.

நிறைவு விழா அன்று மாலையே. மண்டபத்துக்கு வெளியே நீள மேசைகள் போட்டு, அவாமோரி என்கிற உள்ளூர் அரிசிச் சாராயம் ஊற்றினார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் சார்பில் கிஷாபா பேச வேண்டும். அவர் தன் சிநேகிதன் யாபுவைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். யாபு தோஃபு கடைக்காரர். சின்ன வயதிலிருந்து கூட்டாளி. கராத்தே கற்றவரில்லை. கராத்தே கற்பவர்களுக்கு விளக்கு மாட்டுவது, நாற்காலி போடுவது, கேலி பேசுவது இவற்றோடு நிறுத்திக்கொண்டவர்.

"மண்டபம் கைக்கு வந்தாச்சுடா, யாபு," என்றார் கிஷாபா. "இனி எவனுக்கும் பயப்பட வேண்டியதில்ல. மேடையில ஏறி, கால்சட்டையைத் தூக்கி, தையல் போட்ட தழும்பைக் காட்டப் போறேன். 'பாருங்கடா, நீங்க கும்புடுற கலை இதுதான்'னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லப் போறேன். வலிக்கும் கலைக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம்!"

யாபு ஒரு மடக்குக் குடித்தார். "சொல்லு, சொல்லு. அப்படியே அந்தக் கூரைப் பார்வையையும் சொல்லிடு."

"அதுல சொல்ல என்ன இருக்கு?"

"உங்க ஆசான் உராசாகி வீட்டு முற்றத்துலதானே சொல்லிக்குடுத்தாரு? அங்க கூரையை ஒட்டி ஒரு கொய்யா மரம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருந்துச்சு. அதுக்கென்ன?"

"தினம் சாயங்காலம், நீங்கள்லாம் கண்ணை மூடிக்கிட்ட மாதிரி குத்திக்கிட்டிருப்பீங்க. கூரை மேல ஏறி நான் கொய்யா பறிச்சுக்கிட்டிருப்பேன். கடைசிக் குத்து வர நேரத்துல ஓடு சடசடன்னு சத்தம் போடும். மனுஷன் அப்படியே தலையைத் தூக்கி ஒரு மொறை மொறைப்பாரு பாரு! பாடத்தை நடுவுல நிறுத்தினா மரியாதை இல்லன்னு திட்டவும் மாட்டாரு." யாபு கண்ணைச் சிமிட்டினார். "நீ ஐம்பது வருஷமா தேடிக்கிட்டிருக்கிற எதிரி நான்தாண்டா."

கிஷாபாவுக்குக் கையில் இருந்த கோப்பை கனத்தது. "பொய் சொல்றே."

"மரத்துல பூச்சி விழுந்து வெட்டுனாங்களே, அந்த வருஷத்திலேர்ந்து அவரு கூரையைப் பாக்குறதை நிறுத்திட்டாரு. நீதான் நிறுத்தல. 'ஆசானுக்கு வயசாயிடுச்சு, மறந்துட்டாரு'ன்னு நீயே எங்கிட்ட வருத்தப்பட்டியே!"

அது உண்மை. அப்படி வருத்தப்பட்டது கிஷாபாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வரும்போல இருந்தது. இரண்டும் வருவதற்குள் தோகாஷிகி வந்து, முதுகை வளைத்து, மேடைக்கு அழைத்தார்.

மேடையில் ஒலிவாங்கி முன்னால் நின்றார். கீழே இருநூறு முகங்கள், நாற்பது நாடுகள். பெக்கா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கிஷாபாவின் வலக்கை கால்சட்டையின் விளிம்பைப் பிடித்தது. கொஞ்சம் தூக்கியது. தழும்பின் நுனி தெரிவதற்குள், மேசையின் கோடியில் யாபு அவரைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினார். தபால்காரப் பெண்ணும் மீன்காரரும் முடி திருத்துபவரும் பெருமை பொங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வருடமாக எத்தனை பேரைக் கூரையைப் பார்க்க வைத்திருக்கிறோம் என்று அவர் ஒரு கணம் எண்ணிப் பார்த்தார். எண்ணி முடியவில்லை.

கால்சட்டையை விட்டுவிட்டு, அதன் மடிப்பை நீவிவிட்டார்.

"இந்த வலி," என்றார், கனத்த குரலில், "என்னோடது இல்ல. எங்க ஆசான் உராசாகி எனக்குக் குடுத்தது. அவருக்கு அவரோட ஆசான் குடுத்தது. எனக்குக் கொஞ்ச நாள் அது மறந்திருந்துச்சு. ஞாபகப்படுத்துன பெக்காவுக்கும் நகராட்சிக்கும் நன்றி."

கைதட்டல் கடற்கரை வரை கேட்டதாம். தோகாஷிகி அப்போதே, கிஷாபா நிறுத்தம் முந்நூறு ஆண்டுப் பழமை வாய்ந்தது என்று அறிவித்துவிட்டார். மறுவாரமே அது கானேஹமாவின் பாரம்பரியச் செல்வமாக அங்கீகரிக்கப்பட்டது. மண்டப வாசலில் பலகையும் வைத்தார்கள்.

இப்போது மண்டபம் மாலை தோறும் முன்னைவிட நிறைந்திருக்கிறது. போன வாரம் நல்ல வெயில் நாளில், கினா மூன்றாவது திருப்பத்தை நொண்டாமல் விறுவிறுவென்று முடித்துவிட்டாள். கிஷாபா கையைத் தட்டி எல்லாரையும் நிறுத்தினார்.

"முழங்கால் எங்கம்மா வலிச்சுது?"

"வலிக்கலையே, ஆசானே."

"வலிக்காமலா முந்நூறு வருஷமா நொண்டிக்கிட்டு வராங்க? வலியில்லாதவங்க கையில கலை நிக்காது. மறுபடியும் செய். எல்லாரும் செய்யுங்க."

எல்லாரும் செய்தார்கள். ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக இழுத்து, ஒன்றாக நொண்டி, கடைசிக் குத்துக்கு முன்னால் ஒன்றாகத் தலையைத் தூக்கி, வலப்பக்கக் கூரையை வெறியோடு முறைத்தார்கள்.

நகராட்சி இழுத்த இழுப்பில் மூலை விளக்கு இன்னும் மாறாமலே இருந்ததால், அங்கே ஏணி போட்டு யாபு ஏறி நின்று மாற்றிக்கொண்டிருந்தார். கையில் விளக்கு, வாயில் கொய்யா. இத்தனை கண்கள் ஒரே நேரத்தில் தன்னை முறைப்பதைக் கண்ட எதிரி, கொய்யாவை அவசரமாக விழுங்கிவிட்டு, ஏணியில் நின்றபடியே மரியாதையாகக் குனிந்து வணங்கினார்.

மண்டபம் மொத்தமும் திரும்ப வணங்கியது.